வால்பரைசோ: ஏறி இறங்க அரை நாள்

வால்பரைசோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே தங்குவதில்லை. சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் அறை எடுத்துக்கொண்டு காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் ஒரு வகை. கேப் ஹார்னைச் சுற்றி வரும் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கி, கப்பல் கிளம்புவதற்குள் ஊரைப் பார்த்துவிட நினைப்பவர்கள் இன்னொரு வகை. இருவர் கையிலும் இருப்பது ஐந்து மணி நேரம், மிஞ்சினால் ஆறு. இந்த அத்தியாயம் அவர்களுக்கானது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாந்தியாகோவில் விற்கப்படும் 'வால்பரைசோ, வினியா தெல் மார், திராட்சைத் தோட்டம்' என்ற ஒருநாள் பஸ் சுற்றுலாவை வாங்காதீர்கள். அதில் வால்பரைசோவுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதிலும் பாதி வண்டிக்குள்ளே கழியும். இந்த ஊரின் அழகெல்லாம் வண்டி நுழைய முடியாத படிக்கட்டுகளிலும் சந்துகளிலும் இருக்கிறது. பஸ் ஜன்னல் வழியே பார்த்தவர்கள் 'சுவரெல்லாம் கிறுக்கல், தெருவெல்லாம் நாய்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கீழே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் வரைபடம் பாதி தேவைப்படாது. கடலை ஒட்டி ஒரு குறுகலான சமதரை. சில இடங்களில் அதன் அகலம் மூன்று நான்கு தெருக்கள்தான். அதிலும் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். இந்தச் சமதரைக்கு 'பிளான்' என்று பெயர். வங்கிகள், நீதிமன்றம், கடற்படைத் தலைமையகம், சந்தை, பஸ் நிலையம் எல்லாம் இங்கே. பிளானுக்குப் பின்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள் அரைவட்டமாக எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு 'செரோ'. வீடுகள் அங்கே. வேலைக்குக் கீழே இறங்கி, வீட்டுக்கு மேலே ஏறுவதுதான் சுமார் மூன்று லட்சம் பேரின் அன்றாடம். குன்றுக்கும் குன்றுக்கும் நடுவே ஆழமான ஓடைப்பள்ளங்கள். அதனால் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் வீட்டுக்குப் போகவும் பல நேரம் கீழே வந்து மறுபடி ஏற வேண்டியிருக்கும்.

ஏறுவதற்காக 1883 முதல் இவர்கள் கட்டியவைதான் 'அசென்சோர்' எனப்படும் இழுவை வண்டிகள். பழனி மலையில் வின்ச்சில் ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: சரிவில் தண்டவாளம், கம்பிவடத்தால் இணைந்த இரண்டு பெட்டிகள், ஒன்று இறங்க ஒன்று ஏறும். பழனியில் அது கோயிலுக்கு, இங்கே வீட்டுக்கு. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, பள்ளிப் பை மாட்டிய இரண்டு பிள்ளைகள், நடுவில் நீங்கள். பயணம் ஒரு நிமிடம்கூட இருக்காது. ஒரு காலத்தில் ஊரில் முப்பது வரை ஓடின. இன்று ஓடுபவை அதில் ஒரு பகுதிதான். அவற்றிலும் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதுபார்ப்பில் இருக்கும். எனவே 'இந்த அசென்சோரில்தான் ஏறுவேன்' என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வராதீர்கள். மூடியிருந்தால் பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கும்.

இந்த நூலில் வேறெந்த ஊருக்கும் சொல்லாத ஒரு விதியை இங்கே சொல்கிறேன்: வண்டியில் ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். கீழ்க்காணும் பாதை முழுவதும் இந்த விதிப்படி போட்டதுதான்.

வந்து சேர

சாந்தியாகோவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். மேற்குப் புறநகரிலுள்ள பஹாரித்தோஸ் மெட்ரோ நிலையத்தை ஒட்டியே பஸ் நிலையம். அங்கிருந்து அடிக்கடி பஸ் கிளம்பும். முன்பதிவு இல்லாமலே வார நாட்களில் இடம் கிடைக்கும். நகரின் மையத்திலுள்ள பெரிய நிலையத்தில் ஏறுவதைவிட இங்கே ஏறினால் நெரிசலில் வீணாகும் நேரம் மிச்சம். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரப் பயணம். காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். ஞாயிறு மாலை திரும்புவதாக இருந்தால் மட்டும் திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது. வார இறுதியில் சாந்தியாகோவாசிகள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் வீடு திரும்புவார்கள்.

வால்பரைசோ பஸ் நிலையத்தில் இறங்கியதும் எதிரே ஒரு ராட்சதக் கான்கிரீட் கட்டடம் நிற்கும். அதுதான் சிலியின் நாடாளுமன்றம். பினோசெயின் ராணுவ ஆட்சியின் கடைசிக் காலத்தில் கட்டத் தொடங்கி, 1990இல் ஜனநாயகம் திரும்பியபோது திறந்தார்கள். ஊரோடு ஒட்டாத கட்டடம். நின்று பார்க்க வேண்டியதில்லை.

கப்பலில் வருபவர்கள் துறைமுக வளாகத்துக்குள் நடக்க முடியாது. பயணிகள் முனையம் வரை பஸ்ஸில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கிருந்து டாக்சி எடுத்து, கீழே சொல்லியிருக்கும் முதல் இடத்துக்கு நேரே போய்விடுங்கள். ஏறும் முன்பே கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி ஒரு சொல். சிலி பெசோவுக்கும் டாலர் குறிதான். விலைப்பட்டியலில் காபிக்கு அந்தக் குறி போட்டு நாலு இலக்கத்தில் எண் இருந்தால் பதற வேண்டாம், அது பெசோ. அசென்சோரில் சில நூறு பெசோதான் கட்டணம், நாணயமாகவே கேட்பார்கள். 20,000 பெசோ நோட்டோடு போய் நின்றால் முகம் சுளிப்பார்கள். பஸ் நிலையத்திலேயே தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிச் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்து மணி: உச்சியில் தொடங்குங்கள்

பஸ் நிலையத்திலிருந்து டாக்சியிலோ, 612 எண் பஸ்ஸிலோ அவெனிதா அலெமானியாவுக்குப் போகலாம். எனக்குப் பிடித்தது பஸ். குன்றுகளின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் சாலை அது. ஒவ்வொரு வளைவிலும் விரிகுடா ஒரு முறை தெரிந்து மறையும். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். உள்ளூர் பஸ் ஓட்டுநர்கள் வேகப் பிரியர்கள்; ஏறியதும் கம்பியையும் பிடியுங்கள்.

இறங்க வேண்டிய இடம் லா செபஸ்தியானா, கவிஞர் பாப்லோ நெருதாவின் வீடு. இந்த வீட்டைத் தனக்கெனக் கட்டத் தொடங்கி, முடிக்காமலே இறந்துபோன ஸ்பானியர் செபஸ்தியான் கொயாதோவின் பெயர் அதற்கு. நெருதா ஒரு நண்பர் தம்பதியுடன் பங்கு போட்டு வாங்கினார்; கீழ்த்தளங்கள் அவர்களுக்கு, மேல்தளங்கள் இவருக்கு. 1961 செப்டம்பர் 18 அன்று, சிலியின் தேசிய நாளில், குடிபுகுந்தார். 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் வீடு சூறையாடப்பட்டது. பிறகு சீரமைத்து அருங்காட்சியகமாக்கினார்கள். திங்கள்கிழமை விடுமுறை. முன்பதிவு கிடையாது, வந்தவர் வரிசை. அதனால்தான் பத்து மணிக்கே வரச் சொல்கிறேன். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. காதில் வைத்துக் கேட்கும் ஒலி வழிகாட்டி கொடுப்பார்கள்.

ஒடுங்கி உயர்ந்த வீடு. மாடிப்படிகள் குறுகல், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். பாரிஸிலிருந்து கொண்டுவந்த குடைராட்டின மரக்குதிரை, வண்ணக் கண்ணாடிகள், பழைய கடல் வரைபடங்கள், ஒரு சின்ன மதுக்கூடம். அவர் பொருள்களின் மேல் தீராத ஆசை கொண்டவர். ஆனால் அவற்றையெல்லாம் தோற்கடிப்பது ஜன்னல். நகரம் முழுவதும் படிப்படியாகக் கடலில் இறங்குவது அங்கிருந்து தெரிகிறது. கீழே நங்கூரமிட்ட கப்பல்கள். வானம் தெளிந்த நாளில் விரிகுடாவுக்கு அப்பால் வடகிழக்கே ஆண்டிஸ் தொடரும் தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. நெருதா இளம் வயதில், 1929இல், கொழும்பில் சிலி அரசின் தூதரக அதிகாரியாக இருந்தார். வெள்ளவத்தையில் அவர் குடியிருந்த வீட்டில் கழிவறை சுத்தம் செய்ய வந்த, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தியைத் தான் பலவந்தப்படுத்தியதை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த நூல் 1974இல், அவர் இறந்த பிறகு, வெளியானது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. பல பத்தாண்டுகள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருதா பெயர் சூட்டும் முயற்சி நடந்தபோது சிலியின் பெண்ணியவாதிகள் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டி எதிர்த்தார்கள். நீங்கள் வந்திறங்கிய விமான நிலையம் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது. இலங்கை இயக்குநர் அசோக ஹந்தகம இதே சம்பவத்தை வைத்து 'அல்போராடா' என்ற படத்தையும் எடுத்தார். இதை அறிந்தபின் உள்ளே போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போகலாம் என்பது என் கருத்து. அறியாமல் போகக் கூடாது என்பதும்தான். உள்ளே போக விரும்பாதவர்கள் வாசலுக்குக் கீழே உள்ள சாலையிலிருந்தே அந்தக் கடல் காட்சியில் பாதியைப் பார்த்துவிடலாம், காசில்லாமல்.

அங்கிருந்து மேலே நிமிர்ந்தும் ஒரு முறை பாருங்கள். சாலைக்கு மேலே, இன்னும் உயரத்தில், பலகையும் தகரமுமாக வீடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. சுற்றுலாக்காரர்கள் போகாத வால்பரைசோ அது. 2014 ஏப்ரலில் உச்சிக் காட்டில் பற்றிய தீ காற்றோடு ஓடைப்பள்ளங்களில் இறங்கி, சுமார் 2,900 வீடுகளைச் சாம்பலாக்கியது. 15 பேர் இறந்தார்கள். ஏழைகள் உயரத்திலும் பணக்காரர்கள் அவர்களுக்குக் கீழேயும் வாழும் ஊர் இது. தீயணைப்பு வண்டி போக முடியாத சந்துகளும், அழுத்தம் இல்லாத குடிநீர்க் குழாயும் உயரத்தில் இருப்பவர்களுக்குத்தான்.

இறக்கம்: பெயவிஸ்தா குன்று

வீட்டைவிட்டு வந்து, ஃபெராரி தெரு வழியாகக் கீழே நடங்கள். பத்து நிமிடத்தில் 'திறந்தவெளி அருங்காட்சியகம்' தொடங்கிவிடும். 1992இல் திறக்கப்பட்ட இதில் இருபது சுவரோவியங்கள். சிலியின் பெயர்பெற்ற ஓவியர்கள் கொடுத்த வரைவுகளை இங்குள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சுவரில் தீட்டினார்கள். உள்ளபடி சொன்னால், பல ஓவியங்கள் வெளிறிப்போய்விட்டன. ஊரில் இன்று பேர்போனவை அதற்குப் பிறகு வந்த இளைஞர்களின் ஓவியங்கள்தான். அவை அடுத்த குன்றுகளில் கிடைக்கும். ஆனாலும் இந்தப் பாதையை விடாதீர்கள். படிகளின் ஓரத்தில் துணி காயும், வாசலில் பூனை உட்கார்ந்திருக்கும், யாரோ ஒருவர் எரிவாயு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஏறுவார். ஊர் வாழும் விதம் தெரிய வேண்டுமென்றால் இது போதும்.

நாய்கள் துணைக்கு வரும். தெருநாய்கள்தான், ஆனால் குன்றுவாசிகள் சோறு வைத்துப் பழக்கியவை. விரட்ட வேண்டாம், தொடவும் வேண்டாம்.

கீழே பிளானை அடைந்ததும் கடலை நோக்கி நின்று இடப்பக்கம் போகும் டிராலி பஸ்ஸைப் பிடியுங்கள். மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ் இது. 1952 டிசம்பர் 31 முதல் ஓடுகிறது. அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியிலும் 1952 வரையிலும் தயாரான புல்மன் வண்டிகள் சில இன்னும் சேவையில் உள்ளன. 2003இல் அவற்றைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். பழைய வண்டி வாய்த்தால் அதிர்ஷ்டம். வாய்க்காவிட்டால் வந்ததில் ஏறுங்கள், காத்திருக்காதீர்கள்.

பதினொன்றேகால்: சோத்தோமயோர் சதுக்கம்

துறைமுக வாசல் இது. ஒரு பக்கம் 1910இல் எழுந்த, சாம்பலும் நீலமுமான பழைய ஆட்சியர் மாளிகை. இப்போது கடற்படைத் தலைமையகம். நடுவில் இகிகே போர்வீரர் நினைவுச்சின்னம். 1879 மே 21 அன்று பெருவின் இரும்புக் கவசக் கப்பலான உவாஸ்கரோடு மரக்கப்பலில் நின்று சண்டையிட்டு இறந்த ஆர்துரோ பிராத் இதன் அடியில் தூங்குகிறார். சண்டை எதற்கு? வடக்கே பாலைவனத்தில் கிடைத்த வெடியுப்புக்கு. சிலி அந்தப் போரில் வென்றது. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. நீங்கள் இனி மேலே பார்க்கப்போகும் மாளிகைகளில் பலவும் அந்த உப்புப் பணத்தில் எழுந்தவை.

இதே கடற்படை 1973 செப்டம்பர் 11 விடியும் முன்பே இந்த ஊரைக் கைப்பற்றியதோடுதான் அதிபர் அயெந்தேயின் அரசின் மீதான ராணுவப் புரட்சி தொடங்கியது. இங்கே அடிக்கடி நங்கூரமிடும் வெள்ளை நிறப் பாய்மரக் கப்பல் எஸ்மெரால்தா, கடற்படையின் பெருமைக்குரிய பயிற்சிக் கப்பல். புரட்சியின் முதல் வாரங்களில் அதைச் சிறையாகவும் சித்திரவதைக் கூடமாகவும் பயன்படுத்தினார்கள். பினோசெ பிறந்ததும் இதே ஊரில்தான். அயெந்தே பள்ளியில் படித்ததும் இங்கேதான்.

சாலையைக் கடந்தால் பிராத் படகுத்துறை. படகுக்காரர்கள் கூவி அழைப்பார்கள். ஆள் நிரம்பியதும் கிளம்பி, அரைமணி நேரம் விரிகுடாவைச் சுற்றிக் காட்டி, மிதவைகளில் குண்டுகுண்டாகப் படுத்திருக்கும் கடற்சிங்கங்களுக்கு அருகே கொண்டுபோவார்கள். குழந்தைகளோடு வந்தால் இதைச் செய்யுங்கள். கப்பலில் வந்தவர்களுக்கு இது வேண்டாத செலவு. கடலிலிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டுதானே வந்தீர்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் யாருக்கும் வேண்டாம்.

பன்னிரண்டு மணி: அலெக்ரே, கான்செப்சியோன் குன்றுகள்

சதுக்கத்தின் மூலையில் நீதிமன்றத்தை ஒட்டி எல் பெரால் அசென்சோர். 1902இல் கட்டியது. ஏறிய மேடையில்தான் யுகோஸ்லாவோ உலாச்சாலை. எதிரே கோபுரமும் மரவேலைப்பாடுமாக நிற்பது பாபுரிசா மாளிகை. குரோஷியாவிலிருந்து வந்து வெடியுப்பு வியாபாரத்தில் பெரும் செல்வரான பாஸ்குவால் பாபுரிசா 1925இல் இதை வாங்கினார். இறக்கும்போது தன் ஓவியச் சேகரிப்பை ஊருக்கு எழுதிவைத்தார். இப்போது நுண்கலை அருங்காட்சியகம். வால்பரைசோவின் பழைய கடற்கரைக் காட்சிகளை வரைந்த ஓவியங்கள் உள்ளே உள்ளன. நேரம் குறைவென்றால் வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

இந்த இரண்டு குன்றுகளிலும் இனி திட்டம் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் கால் போன போக்கில் நடக்கலாம். இங்கே வீடுகள் வெளியே நெளிதகரம் போர்த்தியவை, மஞ்சள், நீலம், கருஞ்சிவப்பு என்று வண்ணம் பூசியவை. தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம், சட்டத்துக்குள் களிமண் கட்டிகள். 'அதோபியோ' என்ற இந்த முறை இந்த ஊருக்கே உரியது. நிலம் ஆடும்போது மரம் வளைந்துகொடுக்கும். மண்ணைக் கடல் ஈரம் கரைக்காமல் தகரம் காக்கும். துறைமுகத்தில் மிஞ்சிய கப்பல் பெயின்ட்டைப் பூசத் தொடங்கியதால்தான் இத்தனை வண்ணம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை ஐரோப்பிய வீடுகள் இங்கே ஏன்? பனாமா கால்வாய் இல்லாத காலத்தில் அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வரும் கப்பல்கள் கேப் ஹார்னைச் சுற்றி வர வேண்டும். அந்தப் புயல்கடலைத் தாண்டியதும் நிலக்கரியும் தண்ணீரும் ஏற்ற, உடைந்ததைச் சரிசெய்ய, நிற்கும் பெரிய துறைமுகம் இதுவே. 1848க்குப் பின் கலிபோர்னியத் தங்கத்தைத் தேடிப் போனவர்களும் இந்த வழியாகத்தான் போனார்கள். பிரிட்டிஷ், ஜெர்மன், இத்தாலிய வியாபாரிகள் கீழே வங்கியும் கிட்டங்கியும் வைத்து, மேலே இந்தக் குன்றுகளில் வீடு கட்டினார்கள். 1906 ஆகஸ்ட் 16 அன்று வந்த நிலநடுக்கம் சுமார் 3,000 பேரைக் கொன்று பிளானைத் தரைமட்டமாக்கியது. ஊர் எழுந்து நின்றதும் 1914 ஆகஸ்டில் பனாமா கால்வாய் திறந்தது. கப்பல்கள் வேறு வழியில் போயின. பணம் இருந்தவர்கள் சாந்தியாகோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டவும் காசில்லாத ஊரானதால்தான் பழைய வீடுகள் பிழைத்தன. 2003இல் யுனெஸ்கோ இந்தப் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கான்செப்சியோனில் இரண்டு தேவாலயங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். இரண்டும் சில நிமிட நடைக்குள் உள்ளன. 1858இல் ஆங்கிலேயர் கட்டிய புனித பவுல் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குக் கோபுரம் இல்லை. ஏதோ பள்ளிக்கூடம் போலத் தெருவோடு ஒதுங்கி நிற்கும். கத்தோலிக்கம் அரசு மதமாக இருந்த அன்றைய சிலியில் மற்றவர்கள் வெளிப்படையாக வழிபட முடியாது. ஜெர்மானியர் 1898இல் கட்டிய லூத்தரன் ஆலயமோ குன்றின் விளிம்பில் கூர்கோபுரத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் சட்டமும் மாறியது, வியாபாரிகளின் செல்வாக்கும் வளர்ந்தது.

அட்கின்சன், ஹெர்வாசோனி என்ற இரண்டு உலாச்சாலைகளும் விரிகுடாவைப் பார்த்த திண்ணைகள். ரெய்னா விக்தோரியா அசென்சோரின் மேல் வாசலில் ஒரு சறுக்குமரம் இருக்கிறது. பெரியவர்களும் சறுக்குகிறார்கள். வெட்கப்பட வேண்டாம்.

சாப்பாடு

சிலியில் மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். குன்றின் மேல் கடல் தெரியும் உணவகங்களில் காட்சிக்கும் சேர்த்து விலை போடுவார்கள். கீழே பிளானில் 'மெனு தெல் தியா' என்று எழுதியிருக்கும் கடையில் சூப், ஒரு தட்டு, இனிப்பு என்று பாதி விலையில் முடியும்.

ஊரின் சொந்தப் பண்டம் சொரியானா. பொரித்த உருளைக்கிழங்கை மலைபோல் குவித்து, மேலே வதக்கிய வெங்காயம், மாட்டிறைச்சித் துண்டுகள், முட்டை. கொண்டெல் தெருவை ஒட்டிய சந்திலுள்ள ஹோத்தா குரூஸ் என்ற பழைய கடை இதற்குப் பேர்போனது. ஒரு தட்டு இரண்டு மூன்று பேருக்குக் காணும். பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கு எண்ணெய்தான் நினைவில் நிற்கிறது. மீன் சாப்பிடுகிறவர்கள் ரெய்னேத்தா மீன் வறுவலோ, கொங்க்ரியோ மீன் குழம்போ கேளுங்கள். இரண்டும் சொரியானாவைவிட மேல். மேசைக்கு வரும் பெப்ரேயை ஒதுக்காதீர்கள்: கொத்தமல்லி, வெங்காயம், மிளகாய் சேர்த்த துவையல் அது; ரொட்டியோடு சேர்த்தால் நம் நாக்குக்கு உயிர் வரும்.

சைவர்கள் கவனிக்க. 'சின் கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ போட்டுக் கொடுத்துவிடுவார்கள்; அவர்கள் கணக்கில் 'கார்னே' என்பது மாட்டிறைச்சி. 'நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ' என்று கோழி, ஹாம், மீன் மூன்றையும் சேர்த்து மறுக்க வேண்டும். எம்பனாதா வாங்கினால் 'கேசோ' என்று கேளுங்கள், பாலாடைக்கட்டி வைத்தது. 'பினோ' என்றால் மாட்டிறைச்சி. கோடையில் பீன்ஸ், சோளம், பூசணி போட்டு வேகவைத்த போரோதோஸ் கிரனாதோஸ் கிடைத்தால் வயிறு நிறையும். வெயிலுக்கு மோத்தே கோன் உவேசியோ: குளிர்ந்த பழச்சாறில் வேகவைத்த கோதுமையும் உலர்ந்த பீச் பழமும். பில்லில் பத்து சதவீத டிப்ஸ் சேர்க்கட்டுமா என்று கேட்பார்கள். ஆம் என்பதுதான் வழக்கம்.

ஜாக்கிரதை

செல்போன், கேமரா பறிப்பு இங்கே நிஜம். செல்போனைக் கையில் ஏந்தி வரைபடம் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள்; ஒரு கடைக்குள் ஒதுங்கிப் பாருங்கள். கழுத்தில் கேமரா தொங்க வேண்டாம். சோத்தோமயோருக்கு அப்பால் எச்சௌரென் சதுக்கம், லா மாத்ரீஸ் தேவாலயத்தைச் சுற்றிய பழைய துறைமுகப் பகுதி, ஊரின் தோற்றமே அங்கேதான் என்றாலும், அரை நாள் பயணிக்கு நான் சொல்ல மாட்டேன். நூற்றைம்பது மீட்டர் சுரங்கத்துக்குள் நடந்துபோய்ச் செங்குத்தாக ஏறும் போலாங்கோ லிஃப்டும் அப்படியே: 1916இல் கட்டிய அற்புதம், ஆனால் ஒதுக்குப்புறம், உள்ளூர்த் துணையோடு மட்டும். வழியில் ஒரு அம்மா உங்களைப் பார்த்து 'குய்தாதோ' என்று கண்ணைக் காட்டினால் ஜாக்கிரதை என்று அர்த்தம். திரும்பிவிடுங்கள்.

பிளானில் அலை வரைந்த சுனாமி எச்சரிக்கைப் பலகைகளைப் பார்ப்பீர்கள். 2004க்குப் பின் நமக்கு விளக்கத் தேவையில்லை. நிற்க முடியாத அளவு நிலம் ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல் அருகிலுள்ள குன்றின் படிகளில் ஏறுங்கள். 30 மீட்டர் உயரத்துக்கு மேல் போக வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த நேரத்தில் அசென்சோரை நம்பக் கூடாது.

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். காலையில் மூடுபனி இருந்தால் சோர வேண்டாம், பெரும்பாலும் நண்பகலுக்குள் விலகும். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் கோடையிலும் மாலைக் காற்று சில்லிடும். ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். வெயிலும் சுடும், தொப்பியும் இருக்கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, படிகள் வழுக்கும்.

மூன்று மணி: இறங்கிவிடுங்கள்

ஹெர்வாசோனியிலிருந்து கான்செப்சியோன் அசென்சோர் பக்கத்துப் படிகளில் இறங்கினால் துர்ரி மணிக்கூண்டு. 1883இல் ஊரில் முதலில் ஓடிய அசென்சோர் இந்தக் கான்செப்சியோன்தான். தொடக்கத்தில் மின்சாரம் இல்லாமலே ஓடியது. நடந்து இறங்குங்கள் என்ற விதியை இங்கே மட்டும் மீறலாம்.

மணிக்கூண்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு அதே டிராலி பஸ் போகும், இருபது நிமிடம். சாந்தியாகோ பஸ் ஏறும்போது மூன்றரை ஆகியிருக்கும். இன்னும் நேரம் இருக்கிறதே, வினியா தெல் மாரையும் பார்த்துவிடலாமா என்று ஒரு எண்ணம் வரும். ரயிலில் இருபது நிமிடம்தான். ஆனால் அங்கே இருப்பவை ஒரு பூக்கடிகாரம், ஒரு சூதாட்ட விடுதி, அடுக்குமாடிகளை ஒட்டிய கடற்கரை. குளிக்கலாம் என்றால் ஜனவரியிலும் தண்ணீர் பல் கிட்டும் குளிர். அந்த நேரத்துக்கு அலெக்ரே குன்றில் இன்னொரு படிக்கட்டில் இறங்குவது மேல்.